மேளக்காரருக்கு மட்டும் ஏன் கூலி இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்தில்தான் என்று 2025 நவம்பரில் உறுதியானது. 2036 ஒலிம்பிக்கை நடத்தும் விருப்பத்தை அதற்கு ஓராண்டு முன்பே, 2024 அக்டோபரில், இந்தியா எழுத்துமூலம் தெரிவித்துவிட்டது. மைதானம் எப்படி இருக்கும், எத்தனை பேர் உட்காரலாம், மெட்ரோ எங்கே வரும் என்றெல்லாம் பத்திரிகைகளில் விவரமாக எழுதுகிறார்கள். நானும் ஆர்வமாகப் படிக்கிறேன். ஆனால் தொடக்க விழா அன்று அந்த மைதானத்தில் மேளம் அடிக்கப்போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை என் கண்ணில் படவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கி வெளியிட்டாலும் சரிதான், கேட்கிற விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஒரு ஆண் செவிலியர். சொந்த ஊர் ஓமலூர் பக்கம் ஒரு கிராமம். இப்போது ஏற்காடு மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன், செவிலியர் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் அப்பா தப்பு என்கிற பறையை அடிப்பவர். அவருடைய அப்பாவும் அதே. நானும் சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் நின்று அடித்தவன்தான். நர்சிங் முடித்து லண்டன் போய் அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தேன். 2012 ஜூலை 27 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மேளம் அடித்த சுமார் ஆயிரம் பேரில் நானும் ஒருவன். சம்பளம் வாங்காமல்தான் அடித்தேன். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. அதனாலேயே, சென்ற ஆடி மாதம் என் அக்கா மகனுக்கு வந்த ஒரு போன் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா மகன் ஓமலூரில் ஒரு மேளக் குழு வைத்திருக்கிறான். பறை, பம்பை, உறுமி, தவில் எல்லாம் உண்டு. பையன்கள் யாரும் பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள் இல்லை. ஒருவன் மட்டும் டூவீலர் மெக்கானிக் கடையிலும் வேலை செய்கிறான், மற்றவர்களுக்கு இதுதான் பிழைப்பு. ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் அம்மன் கோயில் இல்லாத தெரு கிடையாது. கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா சேலத்துக்கே பெரிய விழா. அதை ஒட்டி அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் பூச்சாட்டு, கம்பம், தீச்சட்டி, பொங்கல். வருஷத்துக்கு வேண்டிய வருமானத்தில் பெரும்பங்கை மேளக்காரர் சம்பாதிப்பது இந்த ஒரு மாதத்தில்தான்.

அந்த மாதத்தில், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மாவட்டத்தில் நடக்கும் ஒரு விளையாட்டு விழாவின் தொடக்கத்துக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று போன் வந்தது. வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்களாம். யார் நடத்தினார்கள் என்று எழுத மாட்டேன். எனக்கு அவர்கள் மேல் பகை இல்லை. காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும், ஒத்திகை உண்டு, விழா சாயங்காலம். சாப்பாடு, ஒரு டி-ஷர்ட், ஒரு சான்றிதழ். கூலி? "எல்லாரும் வாலண்டியரா வர்றாங்க தம்பி. உங்க கலைக்கும் நல்ல மேடை. டிவில காட்டுவாங்க" என்று பதில் வந்தது. வண்டி வாடகையாவது தருவீர்களா என்று கேட்டதற்கு, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அக்கா மகன் என்னிடம் வந்து, "மாமா, பசங்களுக்கு ஆசையா இருக்கு. ஆனா அன்னைக்கு ரெண்டு கோயில் இருக்கு. என்ன பண்ணட்டும்?" என்றான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்த விழாவில் பந்தல் போடுகிறவர் சும்மா போடுகிறாரா? மைக் செட்காரர்? ஜெனரேட்டர், பிரியாணி, பூ அலங்காரம், வீடியோ? விசாரித்துப் பார்த்ததில் எல்லோருக்கும் பேசிய தொகை இருந்தது, அட்வான்சும் போயிருந்தது. விரும்பி வந்து இலவசமாகச் செய்யும்படி கேட்கப்பட்டவர்கள் மேளக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் மட்டும்தான்.

கல்லூரி மாணவர்களைக் கேட்டது சரி. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஏனென்றால் லண்டனில் நான் செய்ததும் அதைத்தான்.

லண்டனில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மேளம் அடிக்க ஆட்கள் வேண்டும், தொழில்முறைக் கலைஞராக இருக்கத் தேவையில்லை என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஒருவர் தாளத்தை அடித்துக் காட்டுவார், நாங்கள் திருப்பி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மேற்கத்திய இசைக் குறியீடு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையில் ஏற்றிக்கொண்டோம். எங்கள் ஊரில் கற்றுக்கொள்வதும் அப்படித்தானே.

ஒத்திகை லண்டனுக்குக் கிழக்கே டேகன்ஹாமில், பழைய ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்த திறந்த வெளியில் நடந்தது. கையில் கொடுத்தது டிரம்மே இல்லை. கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, குப்பைத்தொட்டி, தொட்டி மாதிரியான சாமான்கள். வாரைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிக்க வேண்டும். விழாவை இயக்கிய டேனி பாயில் காட்ட நினைத்தது தொழிற்புரட்சியை: பசும்புல் வயல் மறைந்து, தரையைப் பிளந்துகொண்டு புகைபோக்கிகள் எழும். அதற்கு வாளிச் சத்தம்தான் பொருத்தம். மழை வராத நாளே இருக்காது. நனைந்துகொண்டே அடிப்போம். எங்கள் தப்பு அந்த மழைக்குத் தாங்காது. கன்றுத் தோல் ஈரம் பட்டதும் தொங்கிப்போகும், வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் மறுபடி குரல் வரும். வாளிக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அடிக்க அடிக்க அடிப்பாகம் விரிசல் விடும், மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எல்லோருக்கும் விரலில் கொப்புளம். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் இடைவேளையில் என் முன்னால் பிளாஸ்டர் போட ஒரு வரிசை நிற்கும். பக்கத்தில் நின்று அடித்தவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஓட்டுபவர். பின்வரிசையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர். வெள்ளைக்காரர், கறுப்பினத்தவர், வங்காளி, சீக்கியர் என எல்லோரும் கலந்து நின்றோம். இவர் அடிக்கிற சாதி, அவர் கேட்கிற சாதி என்று அங்கே எதுவும் இல்லை. அதை நான் உடம்பால் உணர்ந்தது அந்த மழையில்தான்.

தொழில் தெரிந்தவர்களுக்காக இன்னொன்று சொல்கிறேன். ஆயிரம் பேர் மைதானம் முழுக்கப் பரவி நின்று அடித்தால் காதை நம்ப முடியாது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம்தான் போகும். மைதானத்தின் அந்தக் கோடியில் அடிக்கிற அடி இந்தக் கோடிக்கு வருவதற்குள் இங்கே அடுத்த அடி விழுந்துவிடும். கேட்டு அடித்தால் மொத்தமும் குழம்பும். அதனால் எல்லோர் காதிலும் சின்ன இயர்போன் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதில் தாளக்கணக்கு ஓடும், நடுவே "தயார், இப்போது திரும்பு" என்று குரல் வரும். பக்கத்தில் இருப்பவரின் அடியைக் கேட்காதே, காதுக்குள் வருவதை மட்டும் நம்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊர்வலத்தில் ஆசானின் கையைப் பார்த்து நெருக்கமாக நின்று அடித்துப் பழகிய எனக்கு இது பெரிய பாடம். எங்களுக்கு முன்னால் நின்று வாசித்தவர் ஸ்காட்லாந்தின் எவலின் கிளென்னி. பன்னிரண்டு வயதிலேயே செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். வெறுங்காலோடு நின்று, தரை வழியாக வருகிற அதிர்வை உடம்பில் வாங்கி வாசிப்பவர். அவருக்குப் பின்னால் நின்று அடித்தேன் என்பதைப் பேரன் பேத்திகளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு ஆடி வெள்ளி. இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத்தான் டிவியில் ஆரம்பித்தது. வீரர்கள் அணிவகுப்பிலும் நாங்கள் அடித்தோம். 200-க்கும் மேற்பட்ட அணிகள் நடந்து முடிய நேரம் ஆகும், நடை தளராமல் இருக்க நிமிடத்துக்கு 120 என்ற வேகத்திலேயே இசையை அமைத்திருந்தார்கள். சுஷில் குமார் கொடியோடு வர, நம்முடைய அணி எங்களைத் தாண்டிப் போனபோது என் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு பெருமை பேசுகிறவன், அக்கா மகன் மட்டும் காசு கேட்க வேண்டும் என்று ஏன் சொல்கிறான்? அதற்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஊர் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவர் போய் அடிக்க வேண்டும். சாவுச் செய்தியைப் பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய்ச் சொல்ல வேண்டும். ஏலம், வரி, பஞ்சாயத்து என்று ஊர் எதை அறிவித்தாலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கூலி என்று பணம் கிடையாது. அறுவடை முடிந்து களத்துமேட்டில் போய் நின்றால் சோளமோ கம்போ அளந்து போடுவார்கள். போடுகிறவர் மனசு எப்படியோ அப்படி. காய்ச்சல் என்று ஒரு தடவை போகாமல் இருந்ததற்கு வீட்டு வாசலில் வந்து நின்று பேசிய பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது. அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து போனார். வைக்கோல் தீயில் தப்பைக் காட்டும்போது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் மூங்கில் சிண்டுக்குச்சி, வலது கையில் பூவரசம் அடிக்குச்சி. அடிக்க ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அவர் கலைஞர். அந்த ஊரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

லண்டன் விழா முடிந்த மறுநாள் போன் செய்தேன். அக்கா வீட்டில் எல்லோரும் விழித்திருந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என்னை எங்கே கண்டுபிடிப்பது? இருந்தாலும் பார்த்துவிட்டதாகவே சொன்னார்கள். அப்பா போனை வாங்கினார்.

"எவ்வளவு குடுத்தாங்க?"

"காசு இல்லப்பா. எல்லாரும் சும்மாதான் அடிச்சோம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவ்வளவு தூரம் போயும் சும்மாதானா?" என்றார்.

"எங்கூட அடிச்சவங்க எல்லாரும் அப்படித்தான்பா. டீச்சரம்மா, பஸ் டிரைவரு, பேங்க்ல இருக்கறவங்க. எல்லாருக்கும் வேற வேலை இருக்கு, சம்பளம் வருது. இது ஆசைக்கு வந்தது."

"அவங்கெல்லாம் மேளம் அடிச்சாங்களா?"

"ஆமாப்பா."

"நீ வரமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சரி, பரவாயில்லைன்னு விட்டிருப்பாங்க."

"அப்பச் சரி" என்றார் அப்பா.

அப்பா இப்போது இல்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விகளையும்தான் இந்த மாதிரி விழா நடத்துகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிறேன். உங்களுக்கு இலவசமாக வாசிக்க வருகிறவருக்கு வேறு சம்பளம் வருகிறதா? வர முடியாது என்று அவர் சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்குமா?

எனக்கு மாதச் சம்பளத்தை மருத்துவமனை கொடுத்தது. ஒத்திகைக்கு ஏற்றபடி என் ஷிப்டை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் என் வீட்டு அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை. அக்கா மகன் நிலைமை அப்படியா? ஆடி ஞாயிறு ஒன்றை விட்டால் ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு போகும். கோயில்காரர்கள் அடுத்த வருஷத்துக்கு வேறு குழுவைப் பிடித்துக்கொள்வார்கள். வர முடியாது என்று சொன்னாலோ, அரசு விழா எதற்கும் இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் வேறு. பயந்துகொண்டு செய்வதை யாரும் விருப்பப்பட்டுச் செய்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது.

மேளத்தைப் பொறுத்தவரை இது இன்னும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டிய விஷயம். கூலி இல்லாமல் அடி என்று சொல்வது நம்முடைய ஊர்களில் புதிதாக வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது அது. சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு, அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். அறிவிப்புகளுக்கு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளலாம், மீறி ஆளை வைத்துத் தண்டோரா போடச் சொன்னால் நடவடிக்கை என்றார். அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன், வெட்டி வைத்திருக்கிறேன். 2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எவ்வளவு பெரிய மாற்றம் இது! இதே காலத்தில், டி-ஷர்ட்டும் சாப்பாடும் தருகிறோம், வந்து அடித்துவிட்டுப் போ என்று ஒரு மேளக்காரரிடம் சொன்னால், களத்துமேட்டில் சோளம் அளந்து போட்ட காலத்துக்கே அவரைத் திருப்பி அனுப்புகிறோம்.

லண்டனில் எல்லாம் சரியாக நடந்தது என்றும் நான் சொல்லவில்லை. தொழில்முறைக் கலைஞர்களையும் காசில்லாமல் வாசிக்கக் கேட்கிறார்கள் என்று பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம் அந்த ஆண்டே வெளிப்படையாகக் குறை சொன்னது. அது நியாயமான குறை. வாத்தியத்தை வைத்துப் பிழைக்கிறவர் வேறு, என்னைப் போல ஆசைக்கு வருகிறவர் வேறு. இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, நாட்டுக்காகச் செய்யுங்கள் என்று சொன்னால் நட்டப்படுவது முதல் ஆள்தான். பால் மெக்கார்ட்னி மாதிரிப் பெரிய பாடகர்களே அந்த விழாவில் ஒரே ஒரு பவுண்டு (அந்த ஊர்ப் பணம்) வாங்கிக்கொண்டு பாடினார்கள், இவர்களுக்கு என்ன என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான், ஒப்பந்தம் செல்ல வேண்டும் என்பதற்காக ஒரு பவுண்டு கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பாடகருக்கு அடுத்த மாத வாடகை அந்த ஒரு ராத்திரியை நம்பி இருக்கவில்லை. அதோடு, அவ்வளவு பெரிய மனிதரிடமே ஒரு தொகை பேசி, எழுதி, கையெழுத்து வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஓமலூர் பையனிடம் வாய்வார்த்தையாகக்கூட ஒரு தொகை பேசவில்லை.

வீரர்கள் விஷயத்தில் நம் அரசு இப்படி நடந்துகொள்வதில்லை. எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது. அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் வாங்கி வந்தார். அவர் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் அவருடைய உழைப்புக்கு உரியது, சேலத்துக்காரர்கள் எல்லோருக்கும் அதில் சந்தோஷம். வெறும் பேர் கிடைக்கும், கைதட்டல் கிடைக்கும் என்று சொல்லி அவரை ஓடவும் தாண்டவும் சொல்லவில்லை நாம். அதே மைதானத்தில் அவரை வரவேற்று அடிக்கிற கைக்கும் அந்த நியாயம் உண்டு.

அதனால் நான் கேட்பது இதுதான். மாநில அளவிலோ, தேசிய அளவிலோ, வெளிநாட்டு அணிகள் வரும் போட்டிக்கோ இசைக் கலைஞர்களை அழைத்தால், தொழில்முறைக் குழுவுக்கு முன்கூட்டியே தொகை பேசி எழுதிக் கொடுங்கள். ஒத்திகை நாளும் வேலை நாள்தான், அதற்கும் சேர்த்துப் பேசுங்கள். வாத்தியத்தோடு வர வண்டி வேண்டும். டாடா ஏஸ் வாடகையை மேளக்காரர் தலையில் கட்டாதீர்கள். தொகையில் பாதியாவது விழாவுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். பந்தல்காரருக்குச் செய்கிறதைத்தான் கேட்கிறேன், கூடுதலாக ஒன்றும் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த குழுக்களின் விவரம் அரசிடமே இருக்கிறது. ஆள் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், விரும்பி வருகிறவர்களுக்கு மைதானத்தைத் திறந்துவிடுங்கள். இதை நான் மனசார ஆசைப்பட்டுக் கேட்கிறேன். சேலத்தில் தறி ஓட்டுகிறவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருப்பவர், உருக்காலை ஊழியர், பள்ளி ஆசிரியர், வங்கி அதிகாரி, வீட்டில் இருக்கும் பெண்கள், எல்லோரையும் கூப்பிடுங்கள். எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்க்காமல் ஒரு பறையைக் கையில் கொடுங்கள். மாதக்கணக்கில் பயிற்சி கொடுங்கள். அந்தப் பயிற்சியைக் கொடுக்கிற ஆசானாகச் சம்பளத்துக்கு உட்காருகிறவர் அக்கா மகனைப் போன்ற ஒரு மேளக்காரராக இருக்கட்டும். லண்டனில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தத் தொழிலில் ஊறியவர்கள்தான். அவர்கள் இல்லாமல் நாங்கள் ஆயிரம் பேரும் வெறும் சத்தம்தான் போட்டிருப்போம். வங்கி அதிகாரி தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆசானே, இந்த இடம் சரியா?" என்று கேட்கிற ஒரு சாயங்காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் சட்டமும் இதுவரை எங்களுக்குக் கொண்டுவந்து தரவில்லை. ஒரு விளையாட்டு விழா கொண்டுவர முடியும். நான் பார்த்திருக்கிறேன்.

அகமதாபாத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் குழுக்கள் போகத்தான் போகின்றன. 2010 டெல்லி காமன்வெல்த் தொடக்க விழாவே பல மாநில மேளங்களோடுதான் ஆரம்பித்தது. இந்த முறை போகிறவர்களை எந்த முறையில் அழைப்பது, என்ன தொகை, எப்படிப் பயணம் என்று இப்போதே ஒரு விதியை எழுதிவைத்தால் கடைசி நேரத்தில் போன் போட்டுக் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கலை பண்பாட்டுத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. உங்கள் நிருபர்கள் அந்த இரண்டு அலுவலகங்களிலும் இதைக் கேட்டு எழுதினால் எங்கள் பக்கத்துக் குழுக்கள் எல்லாமே நன்றியோடு இருக்கும்.

அக்கா மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. இரண்டு கோயிலிலும் வாசித்தான், பேசிய கூலி வந்தது. விழாவில் பதிவு செய்த பாட்டைப் போட்டு ஒப்பேற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த வீரர்கள் நம் ஊர் மேளத்தை நேரில் கேட்காமலேயே திரும்பிப் போனார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான். பையன்களுக்கும்தான்.

சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் ஞாயிறு காலைகளில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால், யார் வந்தாலும் அடிப்படைத் தாளங்களைச் சொல்லிக் கொடுக்க நான் தயார். எனக்குச் சம்பளம் வருகிறது, எனக்கு ஒன்றும் தர வேண்டாம். என்னோடு வரும் மேளக்கார ஆசானுக்கு மட்டும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் இதே கோரிக்கையைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மு. செ.,
கன்னங்குறிச்சி, சேலம்-8.